கருவாட்டுக் குழம்பில் முடிந்த படம்

அன்புள்ள செல்வி அப்பாவுக்கு,

நேற்று சினிமாவுக்குப் போனேன். நீங்கள் போய் மூன்று வருஷம் ஆகிறது. நான் கொட்டகைக்குள் கால் வைத்து அதைவிட எத்தனையோ வருஷம். செல்வி வயிற்றில் இருந்தபோது உங்களோடு போனதுதான் கடைசி. அப்புறம் படம் பார்ப்பது உங்கள் வேலை, கதை கேட்பது என் வேலை என்று ஆகிவிட்டதே.

கடலூரிலிருந்து வந்த அண்ணன்தான் பிடிவாதமாக அழைத்துப் போனார். நெல்லித்தோப்புக் குழாயடியில் ஒருத்தி, "தாலியறுத்தவளுக்கு சினிமா கேக்குதா?" என்றாள். "ஆமாண்டி, உனக்கும் ஒரு டிக்கெட்டு எடுக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு நடந்தேன். என் வாய் அப்படியேதான் இருக்கிறது, கவலைப்படாதீர்கள்.

பெண்கள் பக்கத்து பெஞ்சு இப்போதும் ஆடுகிறது. மூட்டைப்பூச்சியும் குறையவில்லை. படமும் பழசு, மறுபடி ஓட்டுகிறார்கள். அண்ணன் தங்கை கதை. பத்து நிமிஷத்தில் தெரிந்துவிட்டது, இது நீங்கள் எனக்குச் சொன்ன படம்.

நினைவிருக்கிறதா? செல்விக்குத் தாய்மாமன் மடி இல்லாமல், உங்கள் மடியில் வைத்துத்தான் காது குத்தினோம். எல்லைச் சாவடியில் விடவில்லை என்று அண்ணன் சொல்லி அனுப்பினார். நம் ஊர் அப்போது பிரெஞ்சுக்காரன் கையில்; உள்ளே வர அத்தனை கெடுபிடி. "மனசிருந்தா கடல்ல நீந்தியாவது வந்திருப்பாரு" என்று நான் கத்தினேன். சாவடியே இல்லாமல் போன பிறகும் அவர் வாசலை மிதிக்கமாட்டேன் என்று இருந்தேன். அவர் இரண்டு முறை வந்தார். நான் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. நீங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஒருநாள் காலையில் மில்லில் ஷிப்டு முடிந்து வந்து, தலையெல்லாம் பஞ்சுத் தூசியோடு உட்கார்ந்து இந்தக் கதையைச் சொன்னீர்கள். கோபித்துக்கொண்ட தங்கை கடைசியில் அண்ணன் வாசலில் வந்து நிற்கிறாள். "அப்புறம்?" என்றேன்.

"அப்புறம் என்ன, உள்ள போறா. 'அண்ணி, பசிக்குது'ங்கறா. அண்ணி கருவாட்டுக் குழம்பு ஊத்துறா. படம் முடிஞ்சிது" என்றீர்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் கடலூர் பஸ் ஏறினேன். அண்ணன் வாசலில் நின்று என்ன பேசுவதென்று தெரியாமல், அந்தத் தங்கை சொன்னதையே சொன்னேன். நம் சின்னவனுக்குக் காது குத்தும்போது அண்ணன் மடி இருந்தது.

நேற்று, தங்கை அந்த வாசலுக்கு வருவதற்கு முன்பே மில் சங்கு ஊதியது. ஆண்கள் பக்கத்தில் ஒரு வரிசையே எழுந்தது. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, தூக்குப்பாத்திரங்களை எடுத்துக்கொண்டு, குனிந்தபடி வெளியே போனார்கள். ராத்திரி ஷிப்டுக்காரர்கள். நீங்களும் அப்படித்தானே போயிருப்பீர்கள்?

மிச்சத்தை நான் பார்த்தேன். அவள் வாசல் வரை வருகிறாள். உள்ளே அண்ணன் இருமுவது கேட்கிறது. கதவில் வைத்த கையை எடுத்துக்கொண்டு திரும்பிப் போய்விடுகிறாள். அவ்வளவுதான் படம்.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. இத்தனை வருஷத்தில் எத்தனை படத்தின் முடிவு உங்கள் கைச்சரக்கு? சினிமாவில் எவளாவது கருவாட்டுக் குழம்பு சாப்பிடுவாளா? அதையாவது நான் யோசித்திருக்க வேண்டாமா? முடிவு தெரியாமல் சொன்னீர்களா, யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொண்டே மாற்றினீர்களா?

வெளியே அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே நின்றார். "அன்னிக்கி நீ வாசல்ல நின்னத ஜன்னல் வழியா பார்த்துட்டே இருந்தேம்மா. நீ திரும்பிப் போயிடுவியோன்னுதான் நெனச்சேன். எப்படி உள்ள வந்த?"

"பசிண்ணே" என்றேன். உங்களைக் காட்டிக்கொடுக்க மனசு வரவில்லை.

வீட்டில் செல்வி தூங்காமல் இருந்தாள். "படம் எப்படிம்மா முடிஞ்சிது?" என்று கேட்டாள். குழம்பு ஊற்றுகிற வரைக்கும் சொன்னேன். "கருவாடா!" என்று சிரித்தாள். உங்கள் சிரிப்பு அவளுக்கு.

இனிமேல் படத்துக்குப் போனால், சங்கு ஊதியதும் நானும் எழுந்து வந்துவிடுவேன். மிச்சத்தை உங்களைப்போல் வீட்டில் சொல்லிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கதையை நம்பி பஸ் ஏறியவள்,
செல்வியின் அம்மா