வெறுங்கொடி

அக்கா,

இன்று வெயில் சாயமுன் கொடியில் இருந்து உங்கள் நீலச்சேலையை எடுத்து மடித்தேன். சவர்க்காரமும் வெயிலும் கலந்த அதே மணம். நீங்கள் போய் ஒரு மாரியும் கடந்துவிட்டது. சேலையை மட்டும் நான் இன்னும் தோய்த்துக் காயப்போடுகிறேன்.

கொக்குவிலில் எங்கள் சின்னத் தெருவில், இந்த ஒழுங்கையில், வீடுகள் ஒவ்வொன்றாகப் பூட்டுப்பட்டபோது, கனடாவுக்கும் லண்டனுக்கும் போனவர்கள் பூட்டுகளின் திறப்புகளை உங்களிடம்தான் தந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி என்று என்னையும் இழுத்துக்கொண்டு, ஒரு முற்றத்தில் சேலை, அடுத்ததில் துவாய் என எங்கள் ஈரத்துணிகளைப் பங்கிட்டீர்கள்.

"வெறுங்கொடி வீட்டைக் காட்டிக்குடுத்திடும், பிள்ளை. ஆள் இருக்கெண்டு கள்ளனுக்குத் தெரியவேணும்."

"உங்கடை சேலையின்ரை நிறத்தைக் கண்டாலே அவன் ஓடிடுவான், அக்கா" என்றேன். ஈரத்துவாயால் அடித்தீர்கள்.

சனசமூக நிலையத்தில் ஓர் இளம் அதிகாரி நிலைபேறான அபிவிருத்தி, மக்கள் பங்களிப்பு என்று படம் போட்டு விளக்கினாரே. முக்கால்வாசிக் கதிரைகளில் ஆளில்லை. நீங்கள் எழும்பினீர்கள்.

"தம்பி, றோட்டுப் போடலாம், கிணறு இறைக்கலாம். ஆக்களை எங்கை எடுக்கிறது?"

அவர் சிரித்தார். பிறகு தேத்தண்ணி குடிக்கும்போது, தானும் வெளிநாட்டுக்கு விண்ணப்பித்திருப்பதாக மெல்லச் சொன்னார்.

உங்கள் செத்தவீட்டுக்குப் பிள்ளைகளால் வரமுடியவில்லை. கைபேசித் திரையில் அழுதார்கள். அதை உங்கள் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றது நான்தான். கை உளைந்தது. பாடை தூக்க ஆளில்லாமல் வாகனம் பிடித்தோம். எனக்கு அழுகை வரவில்லை. இன்னும் வரவில்லை.

போன கிழமை எனக்கும் விசா வந்தது. கனடாவில் இருக்கும் மகளிடம் "ஓம், வாறன்" என்றேன். சந்தோசமும் இல்லை, துக்கமும் இல்லை. ஒரு சொல்லைச் சொன்னேன், அவ்வளவுதான்.

"திறப்பெல்லாம் ஆரிட்டைக் குடுப்பியள், அம்மா?" என்றாள்.

உங்களுக்குப் பிறகு அவை என்னிடம்தான் இருக்கின்றன. ஒழுங்கையை நினைத்துப் பார்த்தேன். கொடுக்க ஒரு பெயரும் வரவில்லை. அதனால் அவை என் கைப்பையிலேயே வரும். இங்குள்ள கதவுகளின் திறப்புகள் அந்தப் பனிக்குள் எதையும் திறக்கப்போவதில்லை.

சேலையையும் பெட்டிக்குள் வைத்துப் பார்த்தேன். பிறகு வெளியே எடுத்துவிட்டேன். போகும் நாள் காலையில் அதை நனைத்துப் பிழிந்து என் வீட்டுக் கொடியில் போடுவேன். ஆள் இருப்பதுபோல் இருக்கும்.

மழை இருட்டினால் அதை ஓடிவந்து எடுக்கத்தான் ஆளில்லை, அக்கா.