மீசைப் பந்தயமும் மைசூர்பாகு டப்பாவும்

மைசூர்,
புதன்கிழமை, 1996

என் ராஜாத்தி சொர்ணலதாவுக்கு,

அகில உலக ரயில்வே ஒர்க்‌ஷாப் பென்ஷன்காரர்களின் சக்கரவர்த்தியும், உன் அப்பா இடத்தில் நின்று உனக்குக் கல்யாணம் செய்யப்போகிறவனுமான தாய்மாமன் ஜடையன் ஆசி கூறி எழுதுவது. இங்கே அனைவரும் சுகம். உன் அம்மா நாச்சம்மாள் மட்டும் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. பம்பாயில் மழை விட்டதா?

பிறர் வாயால் நீ கேட்குமுன் நானே சொல்லிவிடுகிறேன். உன் வருங்கால மாமனார், மார்க்கெட் வெற்றிலைக் கடை சித்தையனும் நானும் கார்ப்பரேஷன் தேர்தலில் பந்தயம் கட்டினோம். நான் குடம் கட்சி, அவர் மணிக் கட்சி. எவன் கட்சி தோற்கிறதோ அவன் மீசை காலி. என் மீசை சாமான்யமா? ஒரு முனை சாமுண்டி மலையில் இடிக்கும். மறுமுனையைச் சுற்றிக்கொண்டுதான் கொள்ளேகால் பஸ் போகும்.

முடிவு வந்தது. ஊர் முழுக்க விழுந்த ஓட்டைக் கூட்டினால் குடத்துக்கே அதிகம். வார்டை எண்ணினால் மணிக்கே அதிகம். எங்கள் ஓட்டு நாலைந்து வார்டில் மலையாகக் குவிந்துவிட்டது. மற்றதையெல்லாம் அவர்கள் மயிரிழையில் தட்டிக்கொண்டு போய்விட்டார்கள். இது என்ன கணக்கம்மா?

ஜனம் என் பக்கம் என்று கடை வாசலில் நான் கர்ஜித்ததில் சாம்ராஜநகரில் ஆடுகள் மிரண்டதாகக் கேள்வி. சித்தையன் அசையவில்லை. "ஏனுங் சம்பந்தி, ஒரே எலையில அத்தனை சோத்தையும் கொட்டிப்போட்டு பந்தி பெருசுன்னா ஆச்சுங்களா? சொன்ன சொல்லு நிக்காத வூட்டுல பொண்ணெடுக்க யோசிக்கோணுமுங்க" என்றவர், நிச்சயதார்த்தத்தைத் தள்ளிவைத்துவிட்டார்.

அன்று சாயங்காலமே சின்ன கடியாரக் கோபுரத்தடியில் இரண்டு ஊர்வலமும் முட்டிக்கொண்டன. அவர்கள் வெற்றிக்காக மைசூர்பாகு கொடுத்தார்கள்; நாங்கள் கூடுதல் ஓட்டு வாங்கியதற்காகக் கொடுத்தோம். பார்த்தால், இரண்டு டப்பா மூடியிலும் ஒரே கம்பெனியின் பெயர்! ஏரிக்கரையில் பங்களா மனை போடுகிறதே, அதுதான். விசாரித்ததில் இருதரப்பு ஜீப்பும் டீசலும்கூட அவர்கள் உபயமாம். அந்தக் கம்பெனி மேனேஜர் இரண்டு தலைவர்களுக்கும் மாலை போட்டார். மழமழவென்று மழித்த முகம். மீசையே இல்லாதவனோடு என்ன பந்தயம் கட்டுவது!

வாயில் மைசூர்பாகோடு சித்தையன் என்னைப் பார்த்தார். "நாம ரெண்டு பேரும் ஒரே ஆளுக்கா தொண்டை கிழியக் கத்துனோம்?" என்றார். நான் வாயைத் திறக்குமுன், "ஆனாலும் பந்தயம் பந்தயந்தானுங்களே" என்றார்.

நான் ஜெயித்தேனா, தோற்றேனா, யாருக்குத்தான் ஓட்டுப் போட்டேன்? ஒன்றும் விளங்கவில்லை. நீ படித்தவள், நிதானமாக யோசித்து நேரில் சொல். அவசரமில்லை. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமையே நிச்சயதார்த்தம் என்று இன்று காலை சித்தையன் வீடு தேடி வந்து, என் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டுச் சொல்லிவிட்டார்.

உன் அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வது சிரிப்பை அடக்கத்தான். கண்ணையும் ஏன் துடைத்துக்கொள்கிறாள் என்பதுதான் புரியவில்லை.

உடனே ரயிலேறு. ஸ்டேஷனில் மூக்குக்குக் கீழே துண்டு கட்டிய ஒருவன் கையாட்டினால் பயப்படாதே. பிளாட்பாரத்தில் மட்டும் சிரித்துவிடாதே, கண்ணு. நீ நூறு வருஷம் நிறைவாக வாழ வேண்டும்.

குளிர்காற்று நேராக உதட்டில் படும்
உன் மாமன்,
ஜடையன்