மௌனத்தில் பதிவான குரல்

என் செல்ல மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் சுகம், என் காதுகளைத் தவிர. அங்கே உன் உடம்பும் வேலையும் எப்படி என்று விவரமாக எழுது, நல்லா இருக்கேன் என்று ஒற்றை வரியில் ஏமாற்றாதே. போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குக் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தார் என்று சிரிப்பாய். போனில் நீ பேசுவதில் பாதி எனக்கு விழுவதில்லை, விழுந்த மாதிரி "ம், ம்" என்று சமாளித்துக்கொண்டிருந்தேன், அந்தச் சாயம்தான் போன மாதம் உன்னால் வெளுத்துவிட்டதே. அதற்கு நன்றி சொல்லத்தான் இந்தக் கடிதம். பெற்ற மகளுக்கு அப்பன் நன்றி சொல்வதாவது என்று உன் அம்மா பக்கத்தில் நின்று முணுமுணுக்கிறாள், நல்லவேளையாக முணுமுணுப்பெல்லாம் என் காதை எட்டுவதில்லை. நடந்ததை அன்றைக்குப் போனில் அரைகுறையாகத்தான் சொன்னேன், இப்போது முழுதாகச் சொல்கிறேன் கேள்.

என் வேலை உனக்குத் தெரியாததல்ல. எங்கே போய்ப் பதிவு செய்தாலும் கடைசியில் எல்லாரையும் ஒரு நிமிடம் பேசாமல் இருக்கச் சொல்லி அந்த அறையின் மௌனத்தையும் பதிவு செய்துகொள்வேன். மின்விசிறி, வெளியே போகும் வண்டி, நாற்காலியின் முனகல் என்று ஒவ்வோர் அறைக்கும் ஒரு மௌனம் உண்டு, பேச்சை வெட்டி ஒட்டும் இடங்களில் அதைத்தான் அடியில் விரிப்போம். உன்னையும் சின்ன வயதில் அப்படி உட்கார வைத்து, நீ விக்கல் எடுத்து எல்லாவற்றையும் கெடுத்திருக்கிறாய். நூலகத்து மாடியில் இருக்கும் படிப்பறையைப் பற்றி வானொலிக்கு நிகழ்ச்சி செய்தபோதும் அப்படியே ஒரு நிமிடம் பதிவு செய்தேன். நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள், பகலில் வேலைக்குப் போய்விட்டு வந்து படிக்கிற பிள்ளைகள், எல்லாரும் சமர்த்தாக வாயை மூடிக்கொண்டிருந்தார்கள் என்றுதான் நினைத்தேன். வழக்கமாக எங்கள் எடிட்டர், ஆமை என்று நாங்கள் கூப்பிடும் அந்தப் பெண், ஒவ்வொரு நொடியையும் நிதானமாகக் கேட்டுப் பார்த்த பிறகுதான் எதையும் வெளியே விடுவாள். அன்றைக்கு அவள் லீவு. நானே பார்த்துக்கொள்கிறேன் என்று மார்தட்டி, அந்த மௌனத்தை என் முடிவுரைக்கு அடியில் போட்டு ஒலிபரப்பியும் ஆயிற்று. நீ அங்கிருந்தே இணையத்தில் கேட்டுவிட்டு உடனே கூப்பிட்டு, கடைசியில் ஒரு பெண் குசுகுசுவென்று பேசுகிறாளே, வேண்டுமென்றே வைத்ததா என்றாய். எந்தப் பெண் என்றேன். நீ கொஞ்சம் தயங்கிவிட்டு, "எனக்கு எடம் கெடச்சிருச்சு, அப்பாகிட்ட சொல்லல" என்று பக்கத்தில் யாரிடமோ அவள் சொல்வதை எனக்காக இரண்டு தடவை கத்திச் சொன்னாய். பிறகு, "மத்ததெல்லாம் அப்புறம், மொதல்ல டாக்டர்கிட்ட காதைக் காட்டுங்கப்பா" என்றாய். வேறு யார் சொல்லியிருந்தாலும் சண்டைக்குப் போயிருப்பேன். நிலையத்திலேயே இரண்டு பேருக்கு அந்தக் குரல் கேட்டிருக்கிறது, பெரியவர் ஏதோ கலைநயத்தோடு வைத்திருக்கிறார் என்று சும்மா இருந்துவிட்டார்களாம். மரியாதை சில நேரம் இப்படித்தான் காலை வாரிவிடும்.

குசுகுசுத்த அந்தப் பெண்ணின் அப்பா பஸ் டிரைவர். மனைவி இறந்துவிட்டாள், இரண்டு பெண்கள், மூத்தவள்தான் இவள், சின்னவள் இப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். விடியுமுன் முதல் வண்டியை எடுக்கிறவர் அவர், தங்கையை எழுப்பிக் கிளப்பிப் பள்ளியில் விடுவது மூத்தவளின் பொறுப்பு. இந்த நிலையில் அவளுக்குத் தொலைவான ஊரில், விடுதியில் தங்கிப் படிக்கிற மாதிரி கால்நடை மருத்துவத்தில் இடம் கிடைத்திருக்கிறது. நிகழ்ச்சியில் என் மகள் பேசுகிறாள் என்று அந்த மனுஷர் பயணிகளிடம் பெருமையாகச் சொல்லி பஸ்ஸில் வானொலிச் சத்தத்தைக் கூட்டி வைத்திருக்கிறார். கடைசியில் இது வந்து விழ, பின்னால் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள், "பெத்த புள்ளையே சொல்லப் பயப்படுற அளவுக்கு அப்படி என்னங்க மிரட்டி வெச்சிருக்கீங்க" என்று கேட்டிருக்கிறாள். மனுஷர் கடைசி நிறுத்தம் வரைக்கும் ஓட்டிவிட்டு, சீருடையோடு நேராக நிலையத்துக்கு வந்துவிட்டார். திட்டினால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று நின்றேன்.

அவர் திட்டவில்லை. "எம் பொண்ணு பேசுனத இன்னொரு தடவ போடுங்க சார், பஸ்ல சரியா கேக்கல" என்றார், அவ்வளவுதான். விஷயம் தெரிந்து ஆமை லீவை விட்டுவிட்டு ஓடி வந்திருந்தாள். போட்டால், இளைஞர்கள்தான் நாளைய வெளிச்சம் என்று என் முடிவுரை அந்தப் பெண்ணின் குரலுக்கு மேலே கணீரென்று ஓடுகிறது. உட்கார்ந்து உட்கார்ந்து செதுக்கிய வரிகள், அன்றைக்கு எனக்கே நாராசமாக இருந்தன. ஆமை என்னைத் திரும்பிப் பார்த்தாள், நான் தலையாட்டினேன், என் குரலை அணைத்துவிட்டு அடியில் கிடந்ததை மட்டும் அவருக்கு ஹெட்போனில் போட்டாள். நானும் இன்னொன்றைக் காதோடு அழுத்திப் பிடித்தேன், ஒன்றும் தெளிவாக விழவில்லை, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பத் திரும்பக் கேட்டார். என்ன சொல்றா என்று ஜாடையில் கேட்டேன். ஹெட்போன் மாட்டியவர்கள் எல்லாரும் கத்திப் பேசுவார்களே, அப்படியே அவரும் அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னார், "சொன்னா போன்னு சொல்லிடுவாரு. அப்புறம் தனியாக் கெடந்து கஷ்டப்படுவாரு. அதான் சொல்லலன்னு சொல்றா சார்." எனக்கே கேட்டுவிட்டது. ஊரெல்லாம் அவள் அவருக்குப் பயந்து மறைத்தாள் என்று நினைத்திருக்க, அவள் மறைத்ததோ அவர் தடுக்கவே மாட்டார் என்பதனால். அவர் அழுதார். எனக்கு உன் நினைப்பு வந்து நானும் அழுதேன், ஆமை எங்கள் இருவருக்கும் தண்ணீர் கொண்டுவந்தாள்.

மறுஒலிபரப்பை நிறுத்திவிட்டுச் சாயங்காலம் அம்மாவையும் கூட்டிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். "எங்க வீட்டு விஷயத்த ஊரைக் கூட்டிச் சொல்லிட்டீங்களே" என்று அந்தப் பெண் என்னை நன்றாகவே வாங்கினாள். மன்னிப்புக் கேட்டேன், உடனே கொடுத்துவிடவில்லை, கொடுக்கத்தான் வேண்டும் என்று என்ன இருக்கிறது. அவர் போ என்கிறார், இவள் மாட்டேன் என்கிறாள், "பாப்பாவ யாருப்பா பாத்துக்குவாங்க" என்கிறாள். முதல் வண்டியை விட்டுவிட்டுப் பணிமனையிலேயே ஏதாவது வேலை கேட்கிறேன் என்று அவர் சொல்ல, இதுக்குத்தான் சொல்லல என்று அவள் எழுந்தேவிட்டாள். வாசற்படியில் அந்தச் சின்னதோடு விளையாடிக்கொண்டிருந்த உன் அம்மா அங்கிருந்தே, "எங்க வீடு பள்ளிக்கூடத்துக்கு எதிர்லதான் இருக்கு, உங்க வண்டி எங்க தெரு வழியாத்தான் போகுது, புள்ளைய எறக்கி விட்டுட்டுப் போங்க, இதுக்குப் போய் எதுக்கு இத்தன ஆர்ப்பாட்டம்" என்றாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாளா என்றால் இல்லை, கேட்டிருந்தாலும் என் காதில் விழுந்திருக்காது என்கிறாள்.

போன வாரம் மூத்தவள் கல்லூரிக்குப் போய்விட்டாள். கிளம்புமுன் வீட்டுக்கு வந்து, தங்கைக்கு எது பிடிக்கும் எது பிடிக்காது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, என்னிடம், "ஒரு நிமிஷம் சும்மா இருங்கன்னு சொன்னீங்க, நானும் சும்மா இருந்திருக்கலாம்" என்று சிரித்தாள். மன்னிப்பு கிடைத்துவிட்டது என்றுதான் எடுத்துக்கொண்டேன். இப்போது விடியுமுன் நம் வாசலில் பஸ் வந்து நிற்கிறது, தூக்கக் கலக்கத்தோடு அந்தச் சின்னது இறங்கி வந்து உன் கட்டிலில் விழுந்து மிச்சத் தூக்கத்தைத் தூங்குகிறது. அம்மா அதற்குத் தலைவாரும்போது பாடுகிறாள் போலிருக்கிறது, வாயசைவைப் பார்த்துத்தான் சொல்கிறேன். வீடு நிறைந்திருக்கிறது மகளே. நீ அன்றைக்கு அந்தப் போனைச் செய்திருக்காவிட்டால், நானும் ஒன்றும் தெரியாத மாதிரி வந்தவரைச் சமாளித்துத் திருப்பி அனுப்பியிருப்பேன். அதற்கும் சேர்த்துத்தான் நன்றி.

காது டாக்டரைப் பார்த்தேன். இரண்டு பக்கமும் கருவி வேண்டுமாம், மெல்லிய குரல்கள்தான் முதலில் போகுமாம். நிலையத்திலும் மறைக்காமல் சொல்லிவிட்டேன், ஆமை கேட்காமல் இனி எதுவும் வெளியே போகாது, வேலையை விடு என்று யாரும் சொல்லவில்லை. கருவி அடுத்த வாரம் கைக்கு வரும்.

இன்னொன்று. இரண்டு மூன்று தடவையாக நீ போனில், "அப்பா, இங்க வந்து…" என்று ஆரம்பித்துவிட்டு, மாத்திரை சாப்பிட்டீங்களா என்று முடித்துவிடுகிறாய். அதுவும் மெல்லிய குரல்தான், ஆனால் எப்படியோ விழுந்துவிட்டது. உன்னை அங்கேயே நிரந்தரமாக இருக்கச் சொல்கிறார்களோ என்று அம்மா நினைக்கிறாள். நான் சரி என்று சொல்லிவிடுவேனே என்று பயந்து நீ கேட்காமல் வைத்திருப்பது எதுவானாலும் கேட்டுவிடு. பதில் சரி என்பதுதான். ஆனால் கடிதத்தில் கேட்காதே. அடுத்த வாரம் கருவியை மாட்டிக்கொண்டு போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன், உன் வாயால் கேள், முழுதாகக் கேட்க எனக்கு ஆசையாக இருக்கிறது.

குறைவில்லாமல் நூறு வருஷம் இரு. ஹெட்போனைச் சத்தமாக வைத்துக் கேட்காதே, அப்பன் சொத்து அது ஒன்றாவது உனக்கு வராமல் இருக்கட்டும்.

என்றும் உன் அன்புள்ள,
அப்பா