ஆறரை நிமிடத்தில் வரும் கொள்ளைக்காரர்கள்

அண்ணே,

உங்கள் மூன்றாவது நோட்டைத் திறந்தால் இன்னும் தலைவலித் தைலமும் வெல்டிங் புகையும் கலந்த வாசனை அடிக்கிறது. ஐந்து நோட்டுகளையும் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்திருக்கிறேன். "வீடு பூரா ஷிப்யார்ட் வாசனை லா" என்று என் வீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு போகிறார். பொத்தட்டும். இன்றைக்கு யார் என்ன சொன்னாலும் எனக்குக் கோபம் வராது. ஜெயிச்சுட்டோம் அண்ணே! கடிதத்தின் கடைசிவரை அடக்கி வைத்துச் சொல்ல எனக்குப் பொறுமை கிடையாது, உங்களுக்கே தெரியும்.

நம் மூவரையும் சேர்த்தது அந்தக் கப்பல் விளையாட்டுதான். இல்லாவிட்டால் சிங்கப்பூரில் கிளமெண்டி ரயில் நிலையத்தில் வேலை பார்க்கும் நான், துவாஸ் கப்பல் பட்டறையில் வெல்டிங் சூப்பர்வைசரான நீங்கள், எல்லை தாண்டி மலேசியாவின் ஜொகூரிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் உட்லண்ட்ஸ் தொழிற்சாலைக்கு வரும் சிவா, மூன்று பேரும் எங்கே சந்தித்திருப்போம்? எல்லா நாட்டு ஆட்களும் இணையத்தில் கூடி, ஆளுக்கொரு கப்பல் கட்டி, தீவு தீவாகப் போய்க் கொள்ளைக்காரர்களோடு மோதும் விளையாட்டு. "பகலெல்லாம் கப்பல் கட்டிட்டு, சாயந்திரமும் போன்ல கப்பலா? உங்களுக்கு வேற பொழப்பே இல்லையா?" என்று ஒருநாள் கேட்டேன். "பகல்ல கட்டுறது எவனோ ஒருத்தன் கப்பல். இது என் கப்பல், தங்கச்சி" என்றீர்கள். அன்றைக்கு அதைக் கேட்டுச் சிரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லிட்டில் இந்தியாவில் நம் புரோட்டாக் கடையின் மூலை மேசை. மூன்று போன், நுரை பொங்க ஆற்றிய மூன்று தே தாரிக் டீ. ஆனால் உடனே ஆட விடுவீர்களா? உங்கள் பட்டறையில் காலையில் வேலை தொடங்கும் முன் எல்லாரும் வட்டமாக நின்று டூல்பாக்ஸ் மீட்டிங் போடுவார்களாமே, இன்றைக்கு என்ன வேலை, எங்கே ஆபத்து என்று, அதை இங்கேயும் கொண்டுவந்து விட்டீர்கள். கப்பலில் நங்கூரம் எடுத்த பிறகு கூட்டம். "யாருக்கு உடம்பு சரியில்ல? யாரு இன்னும் சாப்பிடல?" சிவா வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "எனக்குப் புரோட்டா இன்னும் வரல அண்ணே" என்றான். அவ்வளவுதான். புரோட்டா வரும்வரை கப்பல் நகரக்கூடாது என்று சொல்லிவிட்டீர்கள். புரோட்டா வருவதற்குள் கொள்ளைக்காரன் வந்து மூன்று கப்பலையும் மூழ்கடித்துவிட்டுப் போய்விட்டான்.

"உங்க மீட்டிங்கால கப்பலே போச்சு!" என்று நான் கத்திய கத்தலில் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். நீங்களோ அலட்டிக்கொள்ளாமல் நோட்டை எடுத்து எழுதினீர்கள். அந்த வரி இதோ என் கண்முன்னே இருக்கிறது: "துறைமுகத்தில் நங்கூரம் எடுத்து நின்றால் ஆறரை நிமிடத்தில் கொள்ளைக்காரர் வருவர். இனி பாதுகாப்புக் கூட்டத்தை ஐந்து நிமிடத்தில் முடிக்க வேண்டும்." கூட்டமே வேண்டாம் என்று எழுத உங்களுக்கு மனம் வரவில்லை பாருங்கள்!

எல்லாவற்றையும் எழுதினீர்கள். எந்தத் தீவில் காற்று எப்போது திரும்பும், எந்தக் கால்வாயில் எவ்வளவு ஆழம், நட்ட மரம் எத்தனை நாளில் பலகையாகும், உங்கள் கப்பலின் ஒவ்வொரு பலகையும் எங்கே பொருந்தும் என்ற படம் உட்பட. உங்களுக்கு ஓவர்டைம் வரும் வாரங்களில் கப்பலை நான்தான் பார்த்துக்கொள்வேன். அதற்கும் பட்டறை வழக்கம்தான். ஷிஃப்ட் மாறும்போது எழுதிக் கையில் கொடுக்காமல் போகக்கூடாதாம். பக்கத்தின் அடியில் இரண்டு கோடு: ஒப்படைத்தவர், பெற்றுக்கொண்டவர். நான் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போடுவேன்.

லீவில் ஊருக்குப் புறப்பட்ட அன்று சிராங்கூன் ரோடு பஸ் நிறுத்தத்தில் ஐந்து நோட்டையும் ரப்பர் பேண்ட் போட்டு என் கையில் திணித்தீர்கள். "கையெழுத்துப் போடு தங்கச்சி." எனக்குப் பஸ் வந்துவிட்டது. "திரும்பி வந்ததும் போடுறேன் அண்ணே, ஓடியா போயிடப் போறேன்" என்று ஏறிவிட்டேன்.

மூன்றாவது வாரம் புதுக்கோட்டையிலிருந்து அண்ணி பேசினார்கள். நெஞ்சு வலி, ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே என்றார்கள். நான் அப்போது டியூட்டியில், டிக்கெட் வாசல் பக்கத்தில் நின்றிருந்தேன். கார்டு வேலை செய்யவில்லை என்று ஒரு சீனப் பாட்டி வந்து நின்றார். அழுதுகொண்டே சரிசெய்து கொடுத்தேன். பாவம், தன்னால்தான் நான் அழுகிறேன் என்று நினைத்து மன்னிப்புக் கேட்டார்.

அதன் பிறகு நானும் சிவாவும் ஞாயிறுதோறும் விளையாட்டுக்குள் போய் உங்கள் கப்பலின் மேல்தளத்தில் சும்மா நிற்போம். ஆடமாட்டோம். எங்களுக்கு அதுதான் உங்களைப் பார்த்துவிட்டு வருவது. அதற்கும் வந்தது கேடு. அந்த விளையாட்டுக் கம்பெனியை ஒரு பெரிய கம்பெனி வாங்கியது. பழைய விளையாட்டில் வருமானம் இல்லை, மூன்று மாதத்தில் மூடுகிறோம் என்று அறிவித்தது. 'காசு கொடுத்து வாங்கியதை எப்படி எடுப்பீர்கள்?' என்று எழுதினேன். நாங்கள் வாங்கியது விளையாட்டை அல்லவாம், விளையாடும் அனுமதியைத்தானாம். வயிறு எரிந்தது. புக்கிட் மேராவில் அரசாங்கத்திடம் வாங்கிய என் அடுக்குமாடி வீடே தொண்ணூற்றொன்பது வருடக் குத்தகைதான். ஆனால் அந்தக் கணக்கை முதலிலேயே சொல்லிவிட்டுத்தானே சாவியைக் கொடுத்தார்கள்?

நாங்கள் மட்டும் கத்தவில்லை. பல நாட்டு ஆட்டக்காரர்கள் விடாமல் எழுதினார்கள். மூடினால் இனி உங்கள் புது விளையாட்டை எவன் நம்பி வாங்குவான் என்று கேட்டார்கள். அதுதான் உறைத்தது போலிருக்கிறது. கடைசியில் கம்பெனி இறங்கி வந்து, விளையாட்டை நடத்தும் மென்பொருளை எங்களிடமே கொடுத்தது, நீங்களே நடத்திக்கொள்ளுங்கள் என்று. ஆனால் காற்று, ஆழம், மரம் வளரும் நாள் என்று கடலை இயக்கும் எண்கள் வேறொரு நிறுவனத்துக்குச் சொந்தம், தர முடியாது என்றார்கள். எண் இல்லாத கடலில் கப்பல் செங்கல் மாதிரி முழுகியது. பழைய கப்பல்களோ கம்பெனி விளையாட்டை மூடிய அன்றே அழிந்து போய்விட்டன. எல்லாரும் கைவிட்டுவிட்டார்கள்.

நம் மூலை மேசையில் சிவா இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. "டேய் சிவா, அண்ணன் நோட்டு!" தே தாரிக்கை அப்படியே விட்டுவிட்டு ஓடினோம். வீட்டு ஸ்டோர்ரூமில், தீபாவளி விளக்குப் பெட்டிக்கு அடியில், ரப்பர் பேண்ட் அவிழாமல் ஐந்தும் இருந்தன.

நாலு மாதம் தட்டச்சு செய்தோம் அண்ணே. போலந்தில் ஒருவர் அதை மென்பொருளில் ஏற்றினார். "யார் இந்த ஆராய்ச்சியாளர்?" என்று கேட்டார். வெல்டிங் சூப்பர்வைசர் என்று பதில் எழுதினேன். அவர் நம்பவில்லை. குழம்புக் கறையோடு ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினேன். அதற்குப் பிறகு மனிதர் உங்களை 'கேப்டன்' என்றுதான் குறிப்பிடுகிறார்.

போன ஞாயிறு நம் மூலை மேசையில் கடல் திறந்தது. உங்கள் படத்தைப் பார்த்துப் பலகை பலகையாகக் கட்டிய கப்பல், பின்புறம் நீங்கள் வைத்த அதே பெயர்: செல்வி. புதுக்கோட்டையிலிருந்து அண்ணி வீடியோவில் இருந்தார்கள்.

"என் பேரையா வச்சாரு? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!"

"போனும் கையுமா இருக்கேன்னு திட்டுவீங்கன்னு பயந்திருப்பாரு அண்ணி."

"திட்டித்தான் இருப்பேன்" என்று சிரித்தவர்கள், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

நங்கூரம் எடுத்தோம். நோட்டில் இருப்பது சரியா தப்பா என்று இனிமேல்தான் தெரியும். கொள்ளைக்காரன் வரும் நேரத்தை நாங்கள் ஏற்றவில்லை; நீங்கள் எழுதிய காற்றும் ஆழமும் சரியாக இருந்தால் அவன் தானாக அந்த நேரத்துக்கு வர வேண்டும். சிவா எழுந்து நின்றான். "டூல்பாக்ஸ் மீட்டிங்! யாரு இன்னும் சாப்பிடல?" போனுக்குள்ளிருந்து அண்ணி, "நான் இன்னும் சாப்பிடலப்பா" என்றார்கள். கூட்டத்தை ஐந்து நிமிடத்தில் முடித்து, பீரங்கியைத் திருப்பி வைத்துக்கொண்டு, கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு நிமிடம். கடல் காலியாகக் கிடந்தது. சிவா நகம் கடித்தான். ஆறேகால். ஆறரை.

வந்தான் அண்ணே! கறுப்புப் பாயை விரித்துக்கொண்டு, நீங்கள் எழுதிய அதே நிமிடத்தில் வந்தான்! கொள்ளைக்காரன் வந்ததற்குக் கைதட்டியவர்கள் உலகத்திலேயே நாங்கள்தான். கடையே திரும்பிப் பார்த்தது. இந்தத் தடவை முழுகியது அவன்.

இப்போது அந்தக் கடலில் எத்தனையோ பேர் கப்பல் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். நானும் ஆறாவது நோட்டு வாங்கிவிட்டேன்; புதுத் தீவு ஒன்றின் காற்றை நேற்றிலிருந்து குறித்து வருகிறேன். உங்கள் அளவுக்குக் கையெழுத்து அழகாக இல்லை. ஆனால் பழைய வேலை ஒன்று பாக்கி இருந்தது. ஐந்தாவது நோட்டின் கடைசிப் பக்கம். ஒப்படைத்தவர் என்ற இடத்தில் நீங்கள் அழுத்திப் போட்ட கையெழுத்து. பக்கத்தில் எனக்காக விட்ட வெறும் கோடு. பஸ் வந்துவிட்டதென்று ஏறிப் போனவள், இப்போதுதான் உட்கார்ந்து, முழுப் பெயரும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பெற்றுக்கொண்டேன் அண்ணே. உங்க ஷிஃப்ட் முடிஞ்சது.