ஐபோனில் தெரிகிற முகம்

களுவாஞ்சிக்குடி

அன்பு மகள் பிரஷாந்திக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் இருக்கிற சுகத்தோடு இருக்கிறோம். அங்கே நீ அந்தக் குளிரில் தடிமன், இருமல் ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று பிள்ளையாரைக் கும்பிட்டுக்கொண்டு தொடங்குகிறேன். தினமும் வாட்ஸ்அப்பில் கதைக்கிற அப்பாவுக்கு இப்போது கடிதம் எழுத என்ன வந்தது என்று நீ யோசிப்பாய். எழுதச் சொன்னது அம்மாதான். சிவதர்ஷன் தம்பி மெல்பேர்னுக்குத் திரும்பும்போது அவர் கையில் கொடுத்துவிடுகிறேன், வேலை முடிந்து வந்து ஆறுதலாக இருந்து வாசி.

படுவான்கரை வயல் வட்டையில் வேளாண்மை பரவாயில்லை, ஆனை வந்து ஒரு மூலையை மிதித்துவிட்டுப் போனது, மிச்சம் தப்பிவிட்டது. அம்மா தடியைப் பிடித்துக்கொண்டு கிணற்றடி வரைக்கும் தனியாக நடக்கிறா. பாரிசவாதம் வந்த வலது கை இன்னும் தூக்க ஏலாது. வாய்ப்பேச்சு முன்னையைவிடத் தெளிவு, ஆனால் எனக்கும் பக்கத்து வீட்டு ஆர்த்திகாவுக்கும் தவிர மற்ற ஆட்களுக்கு விளங்காது. அதனால் இடது கை விரலால் போனில் எழுதித்தான் எல்லாம் சொல்லுவா, அது உனக்குத் தெரியும்.

இனி போன் விஷயத்துக்கு வருகிறேன். நீ வாங்கி அனுப்பிய ஐபோனை ஆர்த்திகாவின் அண்ணன் சிவதர்ஷன் வந்த அன்றே கொண்டுவந்து தந்துவிட்டார். அழகான சாமான். ஆனால் மகள், அது வந்த நாளிலிருந்து எனக்குத் தலையும் புரியவில்லை காலும் புரியவில்லை. பழையது அன்ட்ரொயிட், இது வேறு வகை என்கிறார்கள். பழையதில் பின்னுக்குப் போவதற்குக் கீழே ஒரு அடையாளம் இருந்தது, இதில் அதைத் தேடித் தேடிக் களைத்துவிட்டேன், விரலால் ஓரத்தில் இழுக்க வேண்டுமாம். சிவதர்ஷன், மாத்துங்க மாமா, ஒரு கிழமையில் பழகிவிடும் என்றார். ஆர்த்திகா, மாமிக்குப் பழையதுதான் லேசு, ஏன் வீணாகக் குழப்புகிறீர்கள் என்றாள். காலையில் ஆர்த்திகா சொல்வது சரியாகத் தெரியும், பின்னேரம் சிவதர்ஷன் சொல்வது சரியாகத் தெரியும்.

பிறகு பஸ் ஏறி மட்டக்களப்புக்குப் போய், பழைய போனைத் திருத்தித் தருகிற றிஷாட் தம்பியிடம் இரண்டையும் காட்டினேன். நல்ல பொறுமைசாலி. பழைய மெசேஜ், படங்கள் எல்லாவற்றையும் புதியதற்கு ஏற்றலாம் என்றார். நான் சந்தோஷப்பட்டேன். மறுகா அம்மா எழுதுகிற விதத்தை விளங்கப்படுத்தினேன். பழைய போனில் அம்மா 'த' என்று தட்டினால் 'தண்ணி' வரும், 'ம' தட்டினால் 'மகள் சாப்பிட்டாளா' என்று முழுவதும் வந்து நிற்கும், ஒரு விரலால் எழுதுகிற ஆளுக்கு அது எவ்வளவு உதவி. அதைக் கேட்டுவிட்டு றிஷாட் பழைய போனில் ஒரு எழுத்தைத் தட்டிப் பார்த்தார். அது கீபோர்ட் அம்மாவிடம் படித்த பாடம் ஐயா, புதியதற்கு வராது, முதலில் இருந்து படிப்பிக்க வேண்டும் என்றார். நீங்கள் தீர்மானிக்காமல் எழுதுகிற ஆளைக் கேளுங்கள் என்றும் சொன்னார். கல்லடிப் பாலத்தால் பஸ் வரும்போது, வாயே வராத மனிசியிடம் இருந்து அந்த ஒரு வசதியையும் பறிக்கப்போகிறேனோ என்று நினைத்து மனம் ஒருமாதிரி ஆகிவிட்டது.

வீட்டுக்கு வந்து கேட்டேன். அம்மா பழைய போனை எடுத்து வேணாம் என்று எழுதினா. கீபோர்டுக்காகவா என்றேன், இல்லை என்று தலையை ஆட்டினா. பழைய படங்கள் அழிந்துவிடும் என்று பயமா என்றேன், அதற்கும் இல்லை. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, கொஞ்சம் கோபமும் வந்துவிட்டது, பிள்ளை ஆசையாக அனுப்பினதை வேண்டாம் என்றால் அவளுக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டுவிட்டேன். அப்போது அம்மா அந்த ஐபோனை இடது கையால் எடுத்து, கமராவைத் திறந்து, தன் முகத்தை எனக்குக் காட்டினா. காட்டிவிட்டுப் பழையதில் மெதுவாக எழுதினா: "இதில வாய் கோணினது தெரியுது. அவள் பாத்தா எல்லாத்தையும் விட்டிட்டு வந்திருவாள்."

மகள், முகம் கொஞ்சம் இழுத்திருக்கிறது என்றுதான் உனக்குச் சொல்லியிருந்தோம். கொஞ்சம் இல்லை. வலது பக்க வாய் கீழே தொங்குகிறது, அந்தக் கண்ணும் சரியாக மூடாது. பழைய போனின் கமரா கண்ணாடி கீறுப்பட்டுப் புகைமூட்டமாகத் தெரிவதாலும், அம்மா எப்போதும் யன்னலுக்கு முதுகைக் காட்டி இருப்பதாலும் நீ காணவில்லை. அவ அப்படி இருப்பது வெளிச்சம் கண்ணில் படாமல் இருக்கத்தான் என்று நானும் நினைத்திருந்தேன். நீ நிரந்தர விசாவுக்குப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறாய், இந்த நேரம் அங்கிருந்து வெளிக்கிட்டால் சிக்கல் என்று நீயே சொன்னாய். அதை அவ மனதில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறா.

அதோடு விட்டுவிடுவோம் என்று நினைத்தேன். ஐபோனைப் பெட்டியில் போட்டு அலுமாரியில் வைத்துவிட்டேன். அடுத்த நாள் ஆர்த்திகா வந்து, மாமிக்கு ஒரு படம் காட்டவேண்டும் என்று அதை வெளியே எடுத்தாள். சிவதர்ஷன் அங்கிருந்து வெளிக்கிட்ட அன்று மெல்பேர்ன் விமான நிலையத்தில் உன்னோடு இந்தப் போனாலேயே எடுத்த படம். நீ எப்போதும் லைட்டைப் போடாமல் மங்கல் வெளிச்சத்தில் இருந்து கதைப்பதால், பழைய போனில் நாங்கள் பார்க்கிற உன் முகம் வட்டமாக, நல்லாகத்தான் இருக்கும். இந்தப் படத்தில் பார்த்தால் கன்னம் வற்றி, கண்ணைச் சுற்றிக் கறுத்து, கழுத்தெலும்பு தெரிகிறது. அம்மா அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தா. தேத்தண்ணி ஆறிப்போய்விட்டது, குடிக்கவில்லை. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, போனைத் தொடாமல், வாயாலேயே சொன்னா. எனக்கே இரண்டாம் தரம் கேட்டுத்தான் விளங்கியது. "அவளும் ஒளிக்கிறாள். போன மாத்துங்க. அதுக்கு முதல் அவளுக்கு எழுதுங்க."

அதனால்தான் எழுதுகிறேன். கடிதம் கிடைத்த பிறகு நீ முதலில் எடுக்கிற வீடியோ கோல் ஐபோனுக்கு வரும். யன்னல் பக்கம் பார்த்தபடிதான் இருப்பேன் என்று அம்மா சொல்லியிருக்கிறா. நீ கண்டவுடன் அழக்கூடாது, டிக்கெட் போடுகிற கதையும் எடுக்கக்கூடாது, டொக்டர் பயப்பட ஒன்றும் இல்லை என்றுதான் சொல்கிறார். ஆனால் வேறு பக்கம் பார்க்கவும் கூடாதாம். எழுதுவதற்குப் பழைய போனும் பக்கத்தில் இருக்கட்டும், புதியது பாடம் படிக்கும் வரைக்கும். இப்படி இரண்டையும் வைத்துக்கொண்டு எது எங்கே அடிக்கிறது என்று தெரியாமல் நான் ஓடித்திரியப் போகிறேன். செய்தது சரியா பிழையா என்றும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. மாத்தாமல் விட்டிருந்தால் நாங்கள் மூன்று பேரும் நிம்மதியாக இருந்திருப்போமோ என்றும் ஒரு எண்ணம் வருகிறது.

நேரத்துக்குச் சாப்பிடு. இரவு வேலையைக் குறைக்கச் சொல்லிக் கேள். பிள்ளையார் உனக்குத் துணையாக நிற்பார், நினைத்தது கைகூடி நீ நல்லா இருக்க வேண்டும். கடிதம் கிடைத்த உடனே ஒரு சொல் அனுப்பு.

என்றும் உன் நலம் விரும்பும் அப்பா,
க. வினாயகமூர்த்தி

கீழே இருப்பது அம்மா இடது கையால் தானாக எழுதியது. எழுத்து ஓடினாலும் வாசித்துக்கொள்.

மகள், நான் முகத்தக் காட்டுவன். நீயும் லைட்டப் போட்டிட்டு இரு. மெலிஞ்சது ஏன் எண்டு கேப்பன், பொய் சொல்லப்படாது.
சீதேவிப்பிள்ளை