கதவுப் பிடியில் தொங்கிய தொப்பி

அன்புள்ள என் வாலுப் பெண்ணுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அம்மாவுக்கு முட்டிவலியைத் தவிர வேறு குறையில்லை, எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. உடம்பைப் பற்றி மட்டும்தான் அப்படி உறுதியாக எழுத முடிகிறது. போனில் பேசாமல் இந்த மனுஷன் எதற்குக் காகிதம் வாங்கி எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் உன் குரலைக் கேட்டால் பாதியில் பேச்சை மாற்றி, சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன், உன் அப்பனைப் பற்றி உனக்குத் தெரியாதா. காகிதம் குறுக்கே பேசாது. நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்து படி.

நீ சேர்த்துவிட்ட பூங்கா வகுப்புக்கு ஐந்து வாரமாகத் தவறாமல் போகிறேன். என்னோடு லிஃப்ட் வேலை பார்க்கிற ஒட்டடைக்குச்சி மாமாவுக்கு, லிஃப்ட் கூண்டுக்கு அடியில் இருக்கிற பள்ளத்தில் விபத்து நடந்ததிலிருந்து, கதவு சாத்துகிற சத்தம் கேட்டாலே எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது, குளியலறைக் கதவைக்கூடத் திறந்துவைத்துக் குளிக்கிறேன் என்று அம்மா உன்னிடம் சொல்லி அழுதாள் அல்லவா, அதற்கு நீ தேடிப் பிடித்த வைத்தியம். மரத்தடியில் வெறுங்காலோடு ஆடினால் மனசு அடங்கும், நானே ஆடிப் பார்த்திருக்கிறேன் அப்பா என்றாய். படிக்கிற வயசில் என்ன ஆட்டம் என்று உன்னைத் திட்டியவனுக்கு நல்ல தண்டனைதான். முதல் வாரம் புல் ஈரம், வெயில் கண்ணில் அடிக்கிறது என்று ஏதேதோ சொல்லிப் பார்த்தேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று துணைக்கு வந்த அம்மா எல்லார் முன்னாலும் என் மானத்தை வாங்கினாள். சொல்லித்தருகிறவர் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், கழுத்திலிருந்து விசிலை இன்னும் கழற்றவில்லை, அதனால் எங்களுக்கு அவர் விசில் டீச்சர். பாட்டு கிடையாது, தாளம் கிடையாது, காற்றில் எது அசைகிறதோ அதைப் பார்த்துக்கொண்டே நாமும் அசைய வேண்டும். வாரம் ஒரு கேள்வி கொடுப்பார், அதற்குப் பதிலை வாயால் சொல்லக்கூடாது, உடம்பாலேயே தேட வேண்டும். என் ஆட்டத்தைப் பார்த்து மரத்தடியில் படுத்திருந்த நாய் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டது. ஆனால் பொய் சொல்லக்கூடாது, மூன்றாவது வாரம் ஒரு கிளை ஆடுவதைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டிருந்தபோது மூச்சு அடிவயிறு வரை போனது. விபத்துக்குப் பிறகு அன்றுதான் மதியம் படுத்து அசந்து தூங்கினேன். நீ சொன்னது சரிதான் என்று உனக்கு எழுத நினைத்திருந்தேன்.

போன சனிக்கிழமை கேள்வி, உங்கள் கைக்கு மட்டும் தெரிந்தது என்ன என்பது. "கையை அது பாட்டுக்கு விட்டுடுங்க, அதுக்குத் தெரிஞ்சதை அது காட்டட்டும்" என்றார் டீச்சர். பஸ் டிரைவர் ஒருத்தர் ஸ்டியரிங்கைத் திருப்பினார், பல் டாக்டரம்மா யாரோ குழந்தையின் தலையைத் தடவினார். நான் இலைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நல்ல காற்று. மனசு அவ்வளவு அமைதியாக இருந்தது. அப்போது என் கால் தானாக மண்டியிட்டது. இடது கை புல்லை ஊன்றியது, வலது கை கீழே நீண்டு, ஓரமாகத் திரும்பி, இரண்டு விரலால் எதையோ வெளியே இழுத்தது. பிறகு கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டு எழுந்து, இல்லாத ஒரு கதவைச் சாத்தினேன். கிணற்றுக்குள் விழுந்த வாளியை எடுத்தீர்களா, ரொம்ப அழகாக இருந்தது என்று டாக்டரம்மா கை தட்டினார். நான் அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டேன். ஏனென்றால் அது வாளி இல்லை, கண்ணு. லிஃப்ட் பள்ளத்துக்குள் இருக்கிற சிவப்பு ஸ்விட்ச். அதை அமுக்கிவிட்டு இறங்கினால் லிஃப்ட் அசையாது, வேலை முடிந்து ஏறியதும் வெளியே இழுத்துவிட்டால் மறுபடி ஓடும். மனசு கலங்கிக் கிடந்த வரைக்கும் அடியில் என்ன கிடக்கிறது என்று தெரியவில்லை, தெளிந்ததும் தெரிந்துவிட்டது.

எங்கள் இரண்டு பேருக்கும் இருபத்திரண்டு வருஷப் பழக்கம் ஒன்று உண்டு. பள்ளத்தில் இறங்குகிறவன் தொப்பியோடு இறங்குவான், ஏறி வந்ததும் அதைக் கழற்றி லிஃப்ட் கதவுப் பிடியில் மாட்டுவான். தொப்பி தொங்கினால் ஆள் வெளியே இருக்கிறான் என்று அர்த்தம், கூப்பிட்டுக் கேட்க வேண்டியதில்லை. விபத்து நடந்த வாரம்தான் கம்பெனியில் எல்லாருக்கும் புது ஹெல்மெட் கொடுத்தார்கள். மாமா ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு, தொப்பியைப் பிடியில் மாட்டிவிட்டு உள்ளே இறங்கியிருக்கிறான். மேலே மோட்டார் அறையிலிருந்து வந்த நான் தொப்பியைப் பார்த்தேன். டீ குடிக்கப் போயிருப்பான் என்று நினைத்தேன். எட்டிப் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. அவன் பின்சுவர் ஓரமாக, லிஃப்டைத் தாங்க அடியில் இருக்கிற பெரிய ஸ்பிரிங்குக்குப் பின்னால் குனிந்திருக்கிறான். நான் ஸ்விட்சை இழுத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன். லிஃப்ட் இறங்கி அவன் காலை நசுக்கியது. விசாரணையில் நான் ஸ்விட்சைத் தொடவே இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், அப்போது அதை நம்பித்தான் எழுதினேன். மறந்து போனதா, மறக்க வேண்டும் என்று மறந்தேனா, அது எனக்கே பிடிபடவில்லை. ஆனால் பூங்காவிலிருந்து வந்து கருவிப்பையைக் கவிழ்த்துப் பார்த்தேன், ஸ்பேனர்களுக்கு அடியில் அவன் தொப்பி சுருட்டி வைத்திருந்தது. யாருமே கேட்காத தொப்பியை நான் எதற்கு ஒளித்தேன், சொல்.

கம்பெனி அவன்மேல்தான் பழியைப் போட்டது, ஸ்விட்சை அமுக்காமல் இறங்கினான் என்று. தலையில் அடிபட்டதில் அவனுக்கு அன்றைக்கு நடந்தது எதுவும் நினைவில்லை. ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான்தான் மறந்திருப்பேன்டா, வயசாகுதுல்ல" என்றான். கால் போனவன் எனக்கு ஆறுதல் சொன்னான், நான் தலையை ஆட்டினேன். எனக்குப் பயமாக இருக்கிறது கண்ணு. வேலை போகும், போலீஸ் கேஸ் வரலாம், மாப்பிள்ளை வீட்டில் உன்னை ஏதாவது பேசுவார்கள். இதெல்லாம்கூடப் பரவாயில்லை. என்னைப் பார்த்ததும் சிரிக்கிற அவன் முகம் மாறுமே, அதைப் பார்க்கத்தான் எனக்குத் தைரியம் இல்லை. பேசாமல் இருந்துவிடலாம், கேட்க யார் இருக்கிறார்கள் என்று நான்கு நாள் நினைத்தேன். நேற்று அம்மாவிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் எல்லாவற்றையும் மடித்து முடித்தாள். அப்புறம், "போய்ச் சொல்லிடுங்க. இல்லன்னா இந்த வீட்ல எந்தக் கதவையும் சாத்த முடியாது" என்றாள்.

நாளைக் காலையில் முதலில் அவன் வீட்டுக்கு, அப்புறம் ஆபீஸுக்கு. அவன் வீடு ஐந்தாவது மாடி. அந்த லிஃப்டை மாட்டியதே நாங்கள் இரண்டு பேரும்தான், ஆனால் என்னால் அதில் ஏற முடியாது, படியில்தான் போவேன். போகும் வழியில் பூங்காவில் கொஞ்ச நேரம் அந்த மரத்தடியில் நிற்கலாம் என்றிருக்கிறேன். வகுப்பில் சேர்த்துவிட்டதற்காக நீ உன்னையே நொந்துகொள்ளாதே, நல்லதுதான் செய்தாய். அம்மாவுக்கு அடிக்கடி போன் போடு, என்னைப் பற்றி அவளிடம் துருவித் துருவிக் கேட்காதே. நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். நேரம் கிடைக்கும்போதெல்லாம் ஆடு, இந்தத் தடவை அப்பாவே சொல்கிறேன். தொப்பியைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன், அவன் கையில் கொடுத்துவிட்டுத்தான் பேச்சை ஆரம்பிக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. எந்தக் கதவைச் சாத்துவதற்கு முன்னாலும் உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று ஒரு தடவை கூப்பிட்டுப் பார்.

இப்படிக்கு,
கூப்பிட்டுப் பார்க்காத உன் அப்பா