கூடத்துக் கேமரா

கம்போங் குவாந்தான்,
9 ஜூன் 2024

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கே நானும், கொல்லையில் நீங்கள் நட்ட கறிவேப்பிலையும் சுகம். போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது, மின்னஞ்சலில் எழுதிக்கொள்வோம் என்றீர்கள். எனக்கும் அதுவே நல்லதாகப் படுகிறது.

பின்வரிசை வீட்டில் திருடன் புகுந்ததிலிருந்து கடல் தாண்டி பிந்துலு ஆலையில் வேலை செய்யும் உங்களுக்குத் தூக்கமில்லை என்று தெரியும். அதனால்தான் கேமரா வேண்டாமென்று நான் சொல்லவில்லை. ஆள் வந்து வாசலில் ஒன்று, கொல்லையில் ஒன்று, கூடத்தில் ஒன்று மாட்டிவிட்டுப் போனார். அங்கிருந்து நீங்கள் பார்ப்பதற்கான மற்ற வேலையை, நீங்கள் எழுதி அனுப்பியபடி நானே செய்தேன். ரவுட்டரின் அடியில் ஒட்டியிருந்த எண்ணைக் கணினியில் அடித்து உள்ளே போய், கேமராப் பெட்டிக்கு மாறாத முகவரி ஒன்று கொடுத்து, போர்ட்டைத் திறந்துவிட்டேன். சுவரில் வெளியாள் வருவதற்கு ஒரு சின்னக் கதவு வைத்த மாதிரி இருந்தது. கடவுச்சொல்லை நீங்களே மாற்றிக்கொள்வதாகச் சொன்னீர்கள். மாற்றியதும் எனக்கும் சொல்லிவிடுங்கள்.

கூடத்தில் ஒன்று எதற்கு என்பதுதான் புரியவில்லை. திருடன் வாசலைத் தாண்டித்தானே கூடத்துக்கு வரவேண்டும்?

அன்புடன்,
அன்பரசி


பிந்துலு,
12 ஜூன் 2024

அன்பு அரசிக்கு,

படம் தெளிவாக வருகிறது. என் பெண்டாட்டி கெட்டிக்காரி. நேற்று நீ பாலர் பள்ளி வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றியதைப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த மாதிரியே இருந்தது. கூடத்துக் கேமரா திருடனுக்காக இல்லை, எனக்காக. இங்கே சுவரைப் பார்த்துக்கொண்டேதான் சாப்பிடுகிறேன்.

கடவுச்சொல் என்னிடமே இருக்கட்டும், என் மின்னஞ்சலுக்கு வைத்திருப்பதையேதான் இதற்கும் வைத்தேன், உனக்கு எதற்கு அந்தத் தலைவலி? கேட் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு உள்ளே போ. நேற்று நீ இழுக்கவில்லை.

உன்
சத்தியசீலன்


கம்போங் குவாந்தான்,
30 ஜூன் 2024

அன்புள்ள அத்தானுக்கு,

உங்களுக்காக என்று எழுதியபின் எதுவும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் கேட்டுவிடுகிறேன். கூடத்துக் கேமராவின் தலை திரும்புகிறது. சாமி படத்துக்குப் பூ வைக்கப் போனால் அந்தப் பக்கம், துணி மடிக்க உட்கார்ந்தால் இந்தப் பக்கம். முதலில் நீங்கள் என்று நினைத்துக் கையசைத்தேன். நேற்று முற்பகலும் திரும்பியது. அப்போது நீங்கள் வேலையில் இருந்தீர்கள். ஆலைக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? பிறகு யார் திருப்புவது?

உங்கள் தம்பி செல்வா வந்திருந்தார். செவ்வாய்க்கிழமை சீக்கிரமே பள்ளியிலிருந்து வந்துவிட்டேனாமே, காய்ச்சலா என்று விசாரித்தார். காய்ச்சல்தான். ஆனால் அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

அன்புடன்,
அன்பரசி


பிந்துலு,
3 ஜூலை 2024

அன்பு அரசிக்கு,

அந்த வகைக் கேமரா ஆள் நடமாட்டம் தெரிந்தால் தானாகவே திரும்பும். பயப்படாதே. செல்வா கோல சிலாங்கூர் போகும் வழியில் உன்னைப் பார்த்திருப்பான், வேறென்ன?

எதையும் கழற்றிவிடாதே. திரை கறுப்பாகிவிட்டால் நான் அன்று தூங்கவே மாட்டேன்.

உன்
சத்தியசீலன்


கம்போங் குவாந்தான்,
14 ஜூலை 2024

அன்புள்ள அத்தானுக்கு,

வெள்ளிக்கிழமை குளித்துவிட்டு வந்து கூடத்தில் தலை துவட்டிக்கொண்டிருந்தேன். கேமராவுக்குள் கரகரவென்று சத்தம் கேட்டது. நீங்கள் பேசப்போகிறீர்கள் என்று நிமிர்ந்தேன்.

“முடிய விரிச்சே விடுங்க அண்ணி. அதான் அழகா இருக்கு லா.”

என்னை அண்ணி என்று கூப்பிடுகிறவர் ஒருவர்தான். கையிலிருந்த துண்டை அதன்மேல் போட்டு மூடினேன். துண்டுக்குள்ளிருந்து சிரிப்புக் கேட்டது.

அத்தான், செல்வா எப்படி உள்ளே வந்தார்? ரவுட்டரில் வழி திறந்துவிட்டது நான்தான். யாருக்குத் திறந்துவிட்டேன்?

அன்பரசி


பிந்துலு,
17 ஜூலை 2024

அன்பு அரசிக்கு,

கடவுச்சொல்லை நான்தான் அவனிடம் கொடுத்தேன். வேலை நேரத்தில் என்னால் பார்க்க முடியாது. அவசரமென்றால் ஓடிவர ஒரு ஆள் வேண்டாமா? அதற்காகத்தான் போன விடுமுறையில் வாசல் சாவி ஒன்றும் அவனிடம் கொடுத்துவைத்தேன். உன்னிடம் சொன்னால் சண்டை வரும் என்று சொல்லவில்லை.

அவன் சின்ன வயதிலிருந்தே விளையாட்டாகப் பேசுகிறவன். நான் கண்டிக்கிறேன். நீ இதைப் பெரிதாக்காதே. பக்கத்து வீட்டு நல்லம்மாள் அக்காவிடமும் மூச்சு விடாதே, தாமானில் எல்லா வீட்டுக்கும் பரவிவிடும். துண்டை எடுத்துவிடு. திரையில் எனக்கும் ஒன்றும் தெரியவில்லை.

உன்
சத்தியசீலன்


28 ஜூலை 2024

அத்தானுக்கு,

துண்டை எடுத்தேன். கூடவே கேமராவின் வயரையும் பிடுங்கினேன். கொஞ்ச நேரத்தில் வாசல் பூட்டில் சாவி திரும்பியது. செல்வா உள்ளே வந்து, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

“அண்ணன் பாத்துட்டு வரச் சொன்னாரு,” என்றார். “கேமராவ ஏன் மூடுறீங்க? யாரு வராங்க இங்க?”

கிட்டே வந்து என் கையைப் பிடித்தார். உதறிவிட்டுக் கொல்லைக் கதவு வழியாக வெளியே ஓடினேன். துரத்தி வந்து முடியைப் பிடித்து உள்ளே இழுத்தார். துணி காயப்போட்டுக்கொண்டிருந்த நல்லம்மாள் அக்கா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து போட்ட கூச்சலில்தான் விட்டுவிட்டுப் போனார்.

அக்காவிடம் சொல்லாதே என்றீர்கள். சொல்லத் தேவையே இருக்கவில்லை. அவரும் நானும் போலீஸில் புகார் கொடுத்திருக்கிறோம். நான் இப்போது அந்த வீட்டில் இல்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். செல்வாவிடம் விசாரிப்பதற்கு முன்னால் என்னிடம் விசாரியுங்கள்.

அன்பரசி


பிந்துலு,
2 ஆகஸ்ட் 2024

அரசிக்கு,

நான் முதலில் செல்வாவிடம்தான் கேட்டேன். கேமரா நின்றதைப் பார்க்க வந்ததாகவும், நீ பதறி ஓடி விழப்போனதாகவும், தான் தாங்கிப் பிடித்ததாகவும் சொன்னான். அம்மா மேல் சத்தியம் செய்தான். நம்பினேன். கோபத்தில் உனக்கு ஒரு மின்னஞ்சல்கூட எழுதினேன். அனுப்ப மனமில்லாமல் அப்படியே விட்டுவிட்டேன்.

நேற்று கொல்லைக் கேமராவின் பதிவைப் போட்டுப் பார்த்தேன். பார்த்துவிட்டேன், அரசி. உன் முடி அவன் கையில் இருந்தது.

பதிவைப் போலீஸுக்கு அனுப்பிவிட்டேன். கேமராக் கடவுச்சொல்லை மாற்றிவிட்டேன். செல்வா போனை எடுப்பதில்லை. நான் விடுப்புப் போட்டுவிட்டேன், ஞாயிறு வந்துவிடுவேன். வாசல் படத்திலும் கொல்லைப் படத்திலும் யாருமே இல்லை. நீ எங்கே இருக்கிறாய்? ஊர்ப் பெயரை மட்டும் எழுது, நான் வந்து அழைத்துக்கொள்கிறேன்.

சத்தியசீலன்


5 ஆகஸ்ட் 2024

சத்தியசீலன் அவர்களுக்கு,

பதிவு கிடைத்ததாக விசாரணை அதிகாரி சொன்னார். அதற்கு நன்றி.

கேமரா தானாகவே திரும்பும் என்று எழுதினீர்கள். அதை எழுதும்போதே திருப்புவது யார் என்று உங்களுக்குத் தெரியும். நடந்ததை நான் எழுதியபோது நம்பவில்லை, படம் காட்டியபோது நம்பினீர்கள். இனி நான் சொல்கிற ஒவ்வொன்றுக்கும் படம் பிடித்துக் காட்டிக்கொண்டு என்னால் வாழ முடியாது. வழக்கறிஞர் உங்களுடன் பேசுவார்.

நீங்கள் கோபத்தில் எழுதி அனுப்பாமல் விட்ட மின்னஞ்சல் எனக்கு வந்து சேர்ந்துவிட்டது. நேற்று, தெரியாத எண்ணிலிருந்து என் போனுக்கு, ஒரு வரி விடாமல். கீழே “அண்ணன் மனசு இதான் அண்ணி” என்று போட்டிருந்தது. அதையும் அதிகாரியிடம் காட்டியிருக்கிறேன். செல்வாவை இன்னும் பிடிக்கவில்லையாம்.

ஊர்ப் பெயரை எழுதச் சொல்கிறீர்கள். எழுத முடியாது. இந்தக் கடிதத்தையும் உங்களுக்கு முன்பே செல்வா படித்திருப்பார்.

அன்பரசி